போர்க்கால உளவு நாவலின் ஈர்ப்பு எங்கே இருக்கிறது?

நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மாலை ஐந்து மணிக்கே கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துவிடுவோம். அந்த நீண்ட மாலைகளுக்காக நூலகத்திலிருந்து எடுத்துவரும் புத்தகங்களில் இரண்டாம் உலகப் போரைப் பின்னணியாகக் கொண்ட உளவு நாவல்களுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. ஆனால் அவற்றில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை. படிக்காதவர்கள் "துப்பாக்கிச் சண்டை, துரத்தல், கடைசியில் ஒரு திருப்பம், அவ்வளவுதானே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். படிப்பவர்களோ "விறுவிறுப்பாக இருக்கும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த வகையில் மிகச் சிறந்தவை என்று நான் கருதும் நாவல்கள் சிலவற்றில் துப்பாக்கி ஒருமுறைகூட வெடிப்பதில்லை. அப்படியானால் நம்மை நள்ளிரவு வரை விழிக்கவைப்பது வேறு ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அது என்ன, எப்படி வேலை செய்கிறது என்பதை, இந்த வகை நாவலை இதுவரை தொட்டிராதவருக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

துப்பறியும் கதை வேறு, உளவுக் கதை வேறு

பேருந்து நிலையக் கடைகளில் இரண்டும் ஒரே கயிற்றில்தான் தொங்குகின்றன. பேச்சிலும் இரண்டையும் ஒன்றாகவே சேர்த்துவிடுகிறோம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. துப்பறியும் கதையில் குற்றம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. துப்பறிபவர் கிடைத்த தடயங்களை வைத்துப் பின்னோக்கி நடந்து, என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடிக்கிறார். அவருக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. யாரையும் நேராகக் கேள்வி கேட்கலாம். தான் யார் என்று சொல்லிக்கொள்ளவும் தடையில்லை.

உளவாளி என்பவர், தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு எதிரியின் இடத்தில் இருந்து, தன் தரப்புக்குத் தேவையான இரகசியங்களைத் திரட்டுபவர். அவருடைய கதை முன்னோக்கி நகர்கிறது. நடக்க வேண்டியது இன்னும் நடக்கவில்லை. அதை நடத்தவோ தடுக்கவோ அவர் அங்கே இருக்கிறார். அவர் நிற்கும் மண்ணின் சட்டம் அவருக்கு எதிரானது. ஆகவே துப்பறியும் கதையில் தேடுபவரின் தோளருகே நிற்கும் வாசகர், உளவுக் கதையில் தேடப்படுபவரின் தோலுக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

மேல் வளைவில் நிற்பவருக்குத் தெரிவது

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில் நின்று கீழே பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்து மூச்சுவாங்கிக்கொண்டு ஒரு லாரி ஏறி வருகிறது. மேலேயிருந்து ஒரு கார் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் பாறைச் சுவர் இருப்பதால் இரு ஓட்டுநர்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. மேலே நிற்கும் உங்களுக்கு இருவரையும் தெரிகிறது, ஆனால் உங்கள் குரல் அவர்களுக்கு எட்டாது. அப்போது வயிற்றில் ஏற்படும் அந்த உணர்வுக்குப் பதைப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். கதைமாந்தருக்குத் தெரியாத ஆபத்து வாசகருக்குத் தெரிந்திருக்கும்போது உண்டாவது பதைப்பு.

அதே காரின் பின்னிருக்கையில் நீங்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, வளைவு திரும்பியதும் லாரி எதிரே வந்து நின்றால் அது திடுக்கீடு. கதைமாந்தருக்கும் வாசகருக்கும் ஒரே நேரத்தில், எந்த முன்னறிவிப்பும் இன்றித் தெரியவருவது அது. ஒரு நொடியில் வந்து, சில நொடிகளில் தீர்ந்துவிடும்.

இதை ஒரு கதைக் காட்சியில் வைத்துப் பார்க்கலாம். ஆண்டு 1942 என்று கொள்வோம். உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் மலைரயிலில், தேயிலை மாதிரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெட்டியின் அடித்தாளுக்குக் கீழே, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் பெட்டிகளின் கணக்கு எழுதிய ஒரு துண்டுத்தாள் இருக்கிறது. எதிரே ஒரு பெரியவர். ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது பெரியவர் எழுந்து, தான் போலீஸ் என்று சொல்கிறார். திடுக்கீடு, அத்துடன் காட்சி முடிந்தது.

இப்போது ஒரே ஒரு பத்தியை முன்னால் சேர்ப்போம். அந்தப் பெரியவர் வெலிங்டனில் ஏறும் முன், "தேயிலைப் பெட்டியோடு ஒருவன் வருவான், ஆள் அவன்தானா என்று உறுதி செய்துகொள்" என்று அவருக்குச் சொல்லப்பட்டதை நாம் படித்துவிட்டோம். அதன்பின் ரயிலில் நடக்கும் பேச்சு முழுவதும் மாறிவிடுகிறது.

"எந்த எஸ்டேட் தூளுங்க? பீக்கோவா, டஸ்ட்டா?"

"ரெண்டும்தானுங்க."

தேயிலை வியாபாரி அப்படிப் பதில் சொல்ல மாட்டார். எந்தத் தோட்டம், எந்த ரகம், இந்த வாரம் என்ன விலை என்று மூச்சுவிடாமல் சொல்லியிருப்பார். பெரியவர் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பெட்டிக்காரருக்கு எதுவும் உறைக்கவில்லை, நமக்கு உறைத்துவிட்டது. ரணிமேடு, ஹில்குரோவ், கல்லாறு என்று ஒவ்வொரு நிலையமாக அந்த ரயில் ஊர்ந்து இறங்க இறங்க, எழுத்தாளர் இருபது பக்கத்துக்கு நம்மைப் பிடித்துவைக்கலாம். செலவானது ஒரு பத்திதான்.

இதுவரை சொன்னதன் சாரம் இது: விறுவிறுப்பு என்று பொதுவாக நாம் சொல்வதில் திடுக்கீடு, பதைப்பு என்ற இரண்டு வெவ்வேறு பொருள்கள் கலந்திருக்கின்றன. திடுக்கீடு மறைப்பதால் வருகிறது. பதைப்பு வாசகருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதால் வருகிறது. உளவு நாவல் பெரும்பாலும் இரண்டாவதை நம்பியே நடக்கிறது.

இதற்குப் போர் எதற்கு?

அமைதிக் காலத்திலும் உளவாளிகள் இருக்கிறார்கள். ஆனால் போர்க்காலம் எழுத்தாளருக்கு ஒரு பெரிய உதவியைச் செய்துகொடுக்கிறது: சாதாரணப் பொருள்களை எல்லாம் சாட்சிகளாக்கிவிடுகிறது. விளக்கணைப்பு உத்தரவு இருக்கும் ஊரில் ஒரு ஜன்னல் வெளிச்சம், பங்கீட்டு அட்டை இருக்கும் ஊரில் ஒருவர் வீட்டில் கூடுதலாக இருக்கும் சர்க்கரை, ஊரடங்கு நேரத்தில் மாடிப்படியில் கேட்கும் செருப்புச் சத்தம் என்று எதுவும் காட்டிக்கொடுத்துவிடலாம். நம் பக்கத்திலும் அந்த அச்சம் இருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களில் குண்டு வீசியபோது, சென்னையிலிருந்து பெருங்கூட்டம் உள்நாட்டு ஊர்களை நோக்கிக் கிளம்பியது.

இன்னொன்று, போரில் கடிகாரத்தை எழுத்தாளர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஜெர்மனியை எதிர்த்த பிரிட்டன், அமெரிக்கா முதலிய நேச நாடுகளின் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்குவதற்கு நிலவொளியும் விடியற்காலைத் தாழ்நீரும் ஒன்றுசேரும் நாள்கள் தேவைப்பட்டன. ஜூன் 5 என்று வைத்த நாள் புயலால் ஒரு நாள் தள்ளி, 1944 ஜூன் 6 ஆனது. இப்படிப்பட்ட நாளுக்குள் ஒரு செய்தி போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், மற்ற அவசரமெல்லாம் தானாக வந்துவிடும்.

சட்டைப்பையில் ஒரு வாழ்க்கை

உளவாளி அணிந்துகொள்ளும் பொய்யான வாழ்க்கைக்குப் போர்வை அடையாளம் என்று சொல்லலாம். பெயரும் தொழிலும் மட்டும் மாறினால் அது போர்வை ஆகாது. சில்லறை விவரங்கள் அனைத்தும் அதற்கேற்பப் பொருந்த வேண்டும். இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு வரலாற்றிலேயே இருக்கிறது.

1943இல் நேச நாடுகள் சிசிலித் தீவில் இறங்கத் திட்டமிட்டிருந்தன. ஜெர்மானியரோ கிரீசையும் சார்டினியாவையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். அதற்காக பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவைச் சேர்ந்த யூவன் மாண்டேகுவும் அவருடைய கூட்டாளிகளும், இறந்துபோன ஓர் ஏழை மனிதரின் உடலுக்கு மேஜர் வில்லியம் மார்ட்டின் என்று பெயர் சூட்டி, இராணுவ உடை அணிவித்து, பொய்யான கடிதங்கள் அடங்கிய பெட்டியைச் சங்கிலியால் பிணைத்து, நீர்மூழ்கிக் கப்பலில் கொண்டுபோய் ஸ்பெயினின் உவெல்வா கடற்கரை அருகே மிதக்கவிட்டார்கள்.

பெட்டியில் இருந்த இராணுவக் கடிதத்தைவிட அந்த மேஜரின் சட்டைப்பைகளில் இருந்தவைதான் என்னை ஈர்க்கின்றன. காதலியின் புகைப்படம், அவள் எழுதிய இரண்டு கடிதங்கள், நிச்சயதார்த்த மோதிரம் வாங்கிய பற்றுச்சீட்டு, கணக்கில் இருந்ததைவிட அதிகமாக எடுத்துவிட்டீர்கள் என்று வங்கி எழுதிய எச்சரிக்கை, கிழித்த நாடக டிக்கெட்டின் மீதிப் பாதி. துணிக்குப் பங்கீடு இருந்த காலம் என்பதால் ஓர் அதிகாரி அணியக்கூடிய தரமான உள்ளாடை கிடைப்பது கடினமாக இருந்தது; காலமான ஓர் ஆக்ஸ்போர்டு அறிஞரின் உள்ளாடையைத் தேடிப்பிடித்து அணிவித்தார்கள். மோதிரம் வாங்கியதால்தான் வங்கியில் பணம் குறைந்தது என்று ஜெர்மானிய அதிகாரி தானே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். யாரும் சொல்லாமல் தானாகக் கண்டுபிடித்த ஒன்றை மனிதர்கள் எளிதில் சந்தேகிப்பதில்லை என்பதை அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அந்தப் பொய் எடுபட்டது. ஜூலை 10 அன்று சிசிலியில் படைகள் இறங்கின.

நாவலாசிரியரும் இதே வேலையைத்தான் வாசகரிடம் செய்கிறார். இல்லாத ஒரு மனிதனை வங்கிக் கடிதத்தாலும் டிக்கெட் துண்டாலும் இருப்பவனாக்குகிறார். உளவுத் துறையில் பணிபுரிந்த பலர் பிற்காலத்தில் நல்ல நாவலாசிரியர்கள் ஆனதில் எனக்கு வியப்பே இல்லை.

இதே திறமையின் உச்சத்தை ஹுவான் புஜோல் என்ற ஸ்பானியரிடம் காணலாம். அவர் ஓர் இரட்டை உளவாளி. அதாவது, ஒரு தரப்புக்கு வேலை செய்வதாக நடித்துக்கொண்டு உண்மையில் மறுதரப்புக்கு வேலை செய்தவர். தொடக்கத்தில் அவர் லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு, சுற்றுலா வழிகாட்டிப் புத்தகங்களை வைத்து, இங்கிலாந்தில் இருப்பதாக ஜெர்மானியருக்கு அறிக்கை எழுதினார். ஒரு லிட்டர் ஒயினுக்காக எதையும் செய்யும் ஆட்கள் கிளாஸ்கோவில் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எழுதிவிட்டார். ஸ்காட்லாந்தில் ஒயினை லிட்டர் கணக்கில் குடிக்கும் பழக்கம் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. நல்லவேளையாக ஜெர்மானியருக்கும் தெரியவில்லை. பிறகு பிரிட்டன் அவரைச் சேர்த்துக்கொண்டது. இருபத்தேழு கற்பனை ஆட்களைக் கொண்ட ஓர் உளவு வலையை அவர் தாளிலேயே உருவாக்கினார். அவர்களில் ஒருவர் இறந்துவிட்டதாகச் சொல்லி, பத்திரிகையில் மரண அறிவிப்பும் வெளியிடச் செய்து, கற்பனை மனைவிக்கு ஜெர்மனியிடமிருந்து உதவித்தொகையும் பெற்றார். நார்மண்டியில் படைகள் இறங்கிய பின்னரும், உண்மையான தாக்குதல் பிரான்சின் காலே பகுதியில்தான் வரப்போகிறது என்று அவர் அனுப்பிய செய்தியை ஜெர்மனி நம்பியது. அவருக்கு ஜெர்மனி இரும்புச் சிலுவை என்ற இராணுவ விருதைக் கொடுத்தது. பிரிட்டனும் விருது கொடுத்தது.

ஒருவரை ஒருவர் அறியாத தனிமை

உளவு வலையில் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்குத் தேவையான அளவு மட்டுமே தெரிவிக்கப்படும். இதை அறிவுப் பிரிப்பு என்று வைத்துக்கொள்வோம். பிடிபட்டவரை எவ்வளவு வதைத்தாலும், தெரியாததை அவரால் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடல் இதை எப்போதோ வகுத்துவைத்துவிட்டது: ஒற்றரை ஒற்றர் அறியாதபடி ஆள வேண்டும், மூன்று ஒற்றர்களின் சொல் ஒத்துவந்தால் நம்பலாம். உளவுத் துறைக்கு அது பாதுகாப்பு விதி. நாவலுக்குள் வந்ததும் அதுவே மனித உறவுகளின் வலியாகிவிடுகிறது. பக்கத்தில் நிற்பவர் நண்பரா, எதிரியா, அல்லது தன்னைப்போலவே பயந்துகொண்டிருக்கும் இன்னோர் உளவாளியா என்று கதைமாந்தருக்குத் தெரியாது.

இந்த விதி உடைந்தால் என்ன ஆகும் என்பதை நூர் இனாயத் கானின் வாழ்க்கை சொல்கிறது. திப்பு சுல்தானின் வழிவந்தவர் அவர்; நம் நீலகிரியும் 1799 வரை திப்புவின் ஆட்சியில்தான் இருந்தது. 1943 ஜூனில் பிரிட்டனுக்காக வானொலிக் கருவியில் இரகசியச் செய்தி அனுப்புபவராக அவர் பிரான்சில் இரகசியமாக இறக்கப்பட்டார். சில நாள்களிலேயே பாரிஸ் வலையினர் கொத்துக்கொத்தாகக் கைதானார்கள். திரும்பி வந்துவிடும்படி லண்டன் சொல்லியும் அவர் மறுத்துவிட்டு, வானொலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறிச் செய்தி அனுப்பினார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டார். அனுப்பிய செய்திகளை அவர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அது ஜெர்மானியர் கைக்குப் போனது; அதைக்கொண்டு அவர் பெயரிலேயே அவர்கள் லண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். அதை நம்பி அனுப்பப்பட்ட உளவாளிகள் நேராக எதிரியின் கையில் விழுந்தார்கள். 1944 செப்டம்பரில் ஜெர்மனியின் டாக்காவ் வதை முகாமில் நூர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1949இல் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் சிலுவை என்ற வீர விருதை அளித்தது.

இத்தகைய ஏமாற்றைத் தடுக்கத்தான் பாதுகாப்புக் குறி என்ற ஏற்பாடு இருந்தது. செய்தியில் முன்பே பேசிவைத்த இடத்தில் உளவாளி ஒரு பிழையை வேண்டுமென்றே செய்வார். பிழை இல்லாத செய்தி வந்தால், அவர் பிடிபட்டு மிரட்டலுக்குப் பணிந்து அனுப்புகிறார் என்று பொருள். 1942இல் நெதர்லாந்தில் பிடிபட்ட ஹூப் லாவெர்ஸ் என்ற, வானொலிக் கருவியில் செய்தி அனுப்பும் உளவாளி அந்தக் குறியை விட்டுவிட்டுச் செய்தி அனுப்பினார். லண்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. தொடர்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட உளவாளிகள் பாராசூட்டில் இறங்கினார்கள். கீழே ஜெர்மானியர் காத்திருந்தார்கள். தான் அலறுவது யார் காதிலும் விழவில்லை என்று அறிந்தபடி அடுத்த செய்தியைத் தந்தி விசையில் அடித்துக்கொண்டிருந்த அந்த மனிதரின் நிலையை எண்ணிப்பாருங்கள். எந்த நாவலாசிரியரும் இதைவிடக் கொடிய காட்சியைக் கற்பனை செய்துவிட முடியாது.

ஆக, போர்வை அடையாளம் பொய்யை உண்மையாக்குகிறது. அறிவுப் பிரிப்பு ஒவ்வொருவரையும் தனித்தனியாக அடைக்கிறது. எல்லா அறைகளுக்குள்ளும் எட்டிப்பார்க்க முடிகிற ஒரே ஆள் வாசகர்தான். முன்னே சொன்ன பதைப்பு பிறப்பது இந்த இடைவெளியில்.

முடிவு தெரிந்த போரில் என்ன பதைப்பு?

ஹிட்லர் தோற்பார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பிறகு ஏன் மனம் அடித்துக்கொள்கிறது? சக்கர வியூகத்துக்குள் அபிமன்யு நுழையும் கூத்தை நினைத்துக்கொண்டால் இதற்கு விடை கிடைக்கும். அவன் திரும்பி வரமாட்டான் என்று திடலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருப்பதால்தான் அவன் உள்ளே வைக்கும் ஒவ்வோர் அடியும் நம்மைத் தைக்கிறது. பெரிய முடிவு தெரிந்திருப்பது சின்ன முடிவுகளின் மேல் நம் கவனத்தைத் திருப்புகிறது. போரில் யார் வெல்வார் என்ற கேள்விக்குப் பதிலாக, இந்தப் பெண் இந்தச் சோதனைச்சாவடியைத் தாண்டுவாளா, அதற்காக யாரைக் கைவிடப்போகிறாள் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வரலாற்றில் இருண்ட பக்கங்கள் நிறைய இருந்ததும் இந்த வகை நாவலுக்கு உதவியது. எனிக்மா என்ற ஜெர்மானியச் சங்கேத இயந்திரத்தின் செய்திகளை இங்கிலாந்தின் இரகசியச் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் இருந்தவர்கள் உடைத்துப் படித்தார்கள் என்ற செய்தி 1974 வரை பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரியாது. அத்தனை ஆண்டுகள் அங்கே வேலை செய்தவர்களில் பலர் தம் வீட்டாரிடமும் வாய் திறக்கவில்லை. தெரிந்த போருக்கு அடியில் தெரியாத இன்னொரு போர் நடந்திருக்கிறது என்ற உணர்வை ஆவணங்களே வாசகருக்குத் தந்துவிட்டன.

நாம் யார் பக்கம்?

இந்தக் கேள்வி தமிழ் வாசகருக்குக் கூடுதல் கனமுடையது. மேற்கத்திய உளவு நாவல் பலவற்றில் பிரிட்டன் நம் பக்கம் என்று முதல் பக்கத்திலேயே முடிவாகிவிடும். நமக்கு அது அவ்வளவு எளிதல்ல. நீலகிரியிலிருந்து மேற்கே இறங்கினால் வருவது மலபார். 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து தானூர்க் கடற்கரையில் இறங்கிய வக்கம் அப்துல் காதர், மலாயாவின் பினாங்கில் இந்திய விடுதலைக்காகப் பயிற்சி பெற்றவர். பிரிட்டிஷ் நீதிமன்றத்துக்கு அவர் எதிரியின் உளவாளி. 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் அவரையும் அவருடன் வேறு சிலரையும் தூக்கிலிட்டார்கள். நமக்கு அவர்கள் தியாகிகள்.

மேலே நான் கற்பனை செய்த மலைரயில் காட்சியில் தேயிலைப் பெட்டிக்காரர் யாருக்காக அந்தக் கணக்கை எடுத்துப்போகிறார் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானுக்காகவா, விடுதலைக்காகவா, பணத்துக்காகவா என்பதைப் பொறுத்து வாசகரின் பதைப்பு பெட்டிக்காரர் பக்கம் சாயலாம், பெரியவர் பக்கமும் சாயலாம். அந்தப் பெரியவரும் நம் ஊர்க்காரர்தான். அரசாங்கச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர். நல்ல உளவு நாவல் இந்த இடத்தில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாது. போர்க்கால உளவு நாவல்களைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் முதன்மையான காரணம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு

முதலில் ஒரே ஊர், ஒரே பணி, ஒரே முதன்மைப் பாத்திரம் என்று இருக்கும் நாவலாகப் பார்த்து எடுங்கள். நான்கு நாடுகளில் தாவும் பெரிய நாவல்களைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். காட்சிக்குக் காட்சி, இவருக்கு என்ன தெரியும், எதிரே இருப்பவருக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். பெயர்கள் குழம்பினால் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை. போர்வைப் பெயரும் உண்மைப் பெயரும் மாறி மாறி வரும் கதைகளில் பழகிய வாசகர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒரு நாவல் யாருடைய மனத்துக்குள்ளிருந்து சொல்லப்படுகிறதோ அவருக்குத் தொடக்கத்திலிருந்தே தெரிந்த ஒன்றை, கடைசிப் பக்கத் திருப்பத்துக்காக மட்டும் நம்மிடமிருந்து ஒளித்துவைத்திருந்தால், அது வாசகரை ஏமாற்றுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. அப்படிப்பட்ட நாவலை ஒருமுறைக்கு மேல் படிக்க முடியாது. இடைவெளியை நேர்மையாகக் கட்டிய நாவலோ இரண்டாம் வாசிப்பில் வேறாகத் தெரியும்: முதல் முறை உளவாளியின் அச்சத்தைப் பின்தொடர்ந்தவர், இந்த முறை அவரைத் தேடிவந்தவரின் தயக்கத்தைக் காண்பார். ஆகவே பிடித்த நாவலை முடித்தவுடன் திருப்பிக் கொடுத்துவிடாமல், முதல் மூன்று அத்தியாயங்களையாவது இன்னொருமுறை படித்துவிட்டு நூலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.